காது கோச்சின் தங்கை

மேற்பிரிவு,
பொகவந்தலாவை.
02.11.2024

பிரேமினிக்கு,

விஜிதரன் எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அண்ணன் வீட்டில் உனக்கு என்ன குறை.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டு, பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோக்காரரிடம் "பேசுனா கத்துவாரு, எழுதச் சொல்லுங்க, எழுத்துல கத்த முடியாதுல்ல" என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் 'விஜி சவுண்ட்ஸ்' பில் மட்டும்தான். ஒரு மைல் தள்ளிக் கீழ்ப்பிரிவில் இருக்கிற பெண்டாட்டிக்குக் கடிதம் போடுகிற முதல் ஆள் இந்தத் தோட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். பாண் ஓட்டோக்காரர் லயத்து வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்தி இதைச் சொல்லிவிட்டுத்தான் பாண் விற்பார். விற்கட்டும்.

கல்யாணமாகி இரண்டாவது தீபாவளி. கடையில் வாங்கிய முறுக்கைத் தனியாக உட்கார்ந்து தின்றேன். இதற்கெல்லாம் காரணம் நானில்லை, உன் அண்ணன் கணேசமூர்த்தி. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், அங்கே உனக்கு வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

தீபாவளிக் கிண்ணத்தின் கடைசி ஆட்டம். எதிரில் பூண்டுலோயா இளந்தென்றல். நம்முடைய விடிவெள்ளி ஒரு கோல் முன்னால். எண்பத்திரண்டாவது நிமிடம். அந்தக் கோலை அடித்த செல்லசாமி இன்னும் களைக்கவில்லை, இன்னொன்று அடிக்கத் துடித்துக்கொண்டு நிற்கிறான். அவனை வெளியே கூப்பிட்டுவிட்டு உன் அண்ணன் யாரை இறக்கினார்? இராமையாவை! நடந்தாலே மூச்சு வாங்குகிற இராமையாவைக் கொண்டுபோய் நம் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. ஆறே நிமிடத்தில் இரண்டு கோல் விழுந்தது. கிண்ணம் லொறி ஏறிப் பூண்டுலோயாவுக்குப் போனது.

அதையாவது பொறுக்கலாம். பஜாரில் போன் கடை வைத்திருக்கிற ரிஸ்கான் நானா தன் பேஸ்புக் பக்கத்துக்கு லைவ் போட்டு, "ஏன் கோச், செல்லசாமிய எடுத்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அதற்கு உன் அண்ணன் சொன்ன பதில் இது: "மூடுபனியில கண்ணு ஒதவாது, காதுதான் ஒதவும்னு நெனச்சேன். ஒதவல. முடிவு என்னுது. தப்பும் என்னுது."

காதாம்! புட்போல் காதாலா ஆடுகிறார்கள்? ஹட்டன்வரை சிரிக்கிறார்கள். 'காது கோச்' என்று பெயர் வைத்ததும் நானில்லை, கமெண்டில் யாரோ எழுதினார்கள். நான் லைக் மட்டும்தான் போட்டேன்.

அறிவிப்பாளன் என்ற முறையில் மைக்கில் ஒன்றிரண்டு வார்த்தை அதிகமாக வந்திருக்கலாம். சூட்டில் வருவதுதான். அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா?

கோச்சை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறேன். இதுவரை எழுபத்தொன்று. மறைத்துச் செய்ததாக நாளைக்கு நீ சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உன் புருஷன்,
விஜிதரன்

•

கீழ்ப்பிரிவு
05.11.2024

விடிவெள்ளி விளையாட்டுக் கழகத்தின் அறிவிப்பாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆட்டத்தை அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன்.

அன்று சனிக்கிழமை, எனக்கு வேலை நாள். கிரவுண்டுக்கு நேர் மேலே ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என்னோடு நாற்பது பெண்கள். செல்லசாமியை வெளியே எடுத்ததும் உங்கள் மைக் தொடங்கியது. நிற்கவே இல்லை. "கோச்சுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்றீர்கள். "எந்தக் கடையில வாங்குன மூள" என்றீர்கள். கடைசியாக ஒன்று சொன்னீர்கள்: "வீட்டுல தங்கச்சி பேச்சக் கேட்டு ஆடுற ஆளுக்கிட்ட டீமக் குடுத்தா இப்புடித்தான்!"

நாற்பது பெண்களும் பறித்த கொழுந்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் நான் பெட்டியைத் தூக்கியது அந்தப் பார்வைக்காக.

அண்ணன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "அவரு நம்ம வீட்டு மாப்புள, விடு" என்கிறார். ஆலைக்கு நேர் வழியில் போவதை விட்டுவிட்டார், வாசிகசாலைப் பக்கம் பிள்ளைகள் காதில் கையைக் குவித்துக் காட்டுகிறார்கள் என்று. ஓடைப்பக்கமாகச் சுற்றிக் கால்மணி நேரம் கூட நடந்து வேலைக்குப் போகிறார். பத்து வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர்.

கையெழுத்து வாங்குங்கள். நன்றாக வாங்குங்கள். அண்ணனுக்குப் பெரிய மனது, அவர் மறந்துவிடுவார். எனக்கு அந்த மனது இல்லை, வேண்டவும் வேண்டாம். இதை உங்களுக்குத் திருப்பித் தராமல் விடமாட்டேன்.

கணேசமூர்த்தியின் தங்கை,
பிரேமினி

•

மேற்பிரிவு
18.11.2024

பிரேமினிக்கு,

செய்தி உனக்கு முன்பே வந்திருக்கும். நேற்று வாசிகசாலையில் கழகக் கூட்டம். தலைவர் பொன்னையா மாமா கையெழுத்துத் தாளை வாசித்தார், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. உன் அண்ணன் எழுந்து, "சரிங்க, பசங்கள நல்லாப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். சண்டை பிடிப்பார் என்று நான் நான்கு கேள்வி தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்க விடவில்லை.

பிறகு யார் கோச் என்று பேச்சு வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மைக்குல இத்தன வருசமா நீதானப்பா எல்லாருக்கும் வெளாடச் சொல்லிக் குடுக்குற, எறங்கிச் செய்யேன்" என்றார் பொன்னையா மாமா. இது புகழ்ச்சியா கிண்டலா என்று இன்னும் பிடிபடவில்லை. ஒப்புக்கொண்டேன். பொங்கல் கிண்ணத்துக்கு விடிவெள்ளியின் கோச் உன் புருஷன்!

ஒலிபெருக்கி செட் என்னுடையதேதான் இருக்கும். மைக்கில் ரிஸ்கான் நானா பேசுவார், செட்டுக்கு வாடகை இல்லை, அவர் கடை விளம்பரத்தை அவர் வாசித்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

மச்சான்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. தேத்தண்ணி குடிக்க வரச் சொல். நீயும் வா, இங்கே நான் வைக்கிற சோற்றை நாய்கூட யோசித்துத்தான் தின்கிறது.

விஜிதரன்

•

கீழ்ப்பிரிவு
20.11.2024

பயிற்றுவிப்பாளர் அவர்களுக்கு,

வாழ்த்துகள்.

அண்ணன் ஒரு செய்தி சொல்லச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவர் சொன்னதால் எழுதுகிறேன்: "மூடுபனி ஏறுச்சுன்னா கீப்பருக்கு முன்னால இராமையாவ நிப்பாட்டச் சொல்லு."

நாய்க்கு என் அன்பைச் சொல்லவும்.

பிரேமினி

•

மேற்பிரிவு
15.12.2024

அன்புள்ள பிரேமினி,

மூன்று ஆட்டம், மூன்றிலும் வெற்றி. கினிகத்தேனையை அவர்கள் கிரவுண்டிலேயே நான்கு கோலில் அடித்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன்கள் என் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கட்டினார்கள், கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். ரிஸ்கான் நானாவின் லைவில் நான் பேசியதை ஆயிரத்துக்குமேல் பார்த்திருக்கிறார்கள். 'இதுதான்யா கோச்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். நீ பார்த்திருக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

மச்சானுடைய யோசனைக்கு நன்றி. ஆனால் இராமையாவுக்கு என் அணியில் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிற வேலைதான். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பந்து பிடிக்கிற விளையாட்டையும் நிறுத்திவிட்டேன். மச்சான் காலத்தில் ஒரு மாதமாக அதையே செய்தார்களாம். சர்க்கஸ் வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை கடைசி ஆட்டம், நம் கிரவுண்டில். திரும்பவும் பூண்டுலோயாதான். அன்றைக்குக் கிண்ணத்தோடு உன்னைக் கூட்டிவர நான் அங்கே வரலாமா? வரட்டுமா என்று ஒரு வார்த்தை எழுது. லைவில் பேசி முடித்து வீட்டுக்கு வந்தால் "எப்புடிப் பேசுனேன்" என்று கேட்க ஆளில்லை. அது கஷ்டமாக இருக்கிறது, பிரேமினி. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன்,
விஜி

•

கீழ்ப்பிரிவு
19.12.2024

பயிற்றுவிப்பாளர் அவர்களுக்கு,

வர வேண்டாம்.

ஆட்டத்துக்கு நான் வருவேன். கிரவுண்டுக்கு அல்ல, வழக்கம்போல மேலே மலைக்கு. அன்று எங்கள் கணக்கப்பிள்ளை ஏழாம் நம்பரில்தான் எங்களை விடப்போகிறார், கேட்டு வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய் நெய் விளக்குப் போட்டேன். பூசாரி யார் பெயருக்கு என்று கேட்டார். உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். "வெற்றிக்கா அம்மா?" என்றார். "இல்லீங்க, தோக்கணும்" என்றேன். அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் இன்னொரு தரம் கேட்டார். பிறகு அர்ச்சனை செய்துவிட்டார்.

அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்னைத் திட்டுவார். அவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீட்டில் உட்கார்ந்து அந்த லைவில் பார்க்கிறார். நீங்கள் வென்றால் கை தட்டுகிறார். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உங்கள்மேல் இன்னும் ஆத்திரம் வருகிறது.

பிரேமினி

•

மேற்பிரிவு
12.01.2025

பிரேமினி,

உன் நெய் விளக்கு பலித்துவிட்டது. சந்தோஷமா?

நேற்றைய ஆட்டத்தை நீ மேலிருந்து பார்த்திருப்பாய். பாதியைத்தான் பார்த்திருப்பாய், மீதியை மூடுபனி மறைத்திருக்கும். எண்பது நிமிடம்வரை ஆளுக்கொரு கோல். பள்ளத்துக் கோலில் நம் கீப்பர். மூடுபனி வெள்ளையாக ஏறி வந்தது. கீப்பர் எங்கே, பந்து எங்கே, ஒன்றும் தெரியவில்லை. அப்போது உன் அண்ணன் சொல்லியனுப்பியது ஞாபகம் வந்தது. சரி, போகட்டும் என்று ஒருவனை எடுத்துவிட்டு இராமையாவை இறக்கினேன். கூட்டம் என்னைப் பார்த்துக் கூவியது, நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

இராமையா இறங்கியதும் வாயைத் திறந்து ஏதோ கத்துகிறான். எனக்கு வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. ஏன்? ரிஸ்கான் நானா மைக்கில், "பொகவந்தலாவையின் நம்பர் வன் போன் கடை! ஸ்கிரீன் ஒடஞ்சா கவலப்படாதீங்க! எங்ககிட்ட வாங்க!" திரும்பத் திரும்ப அதே! மழை வந்தாலும் மூடுபனி வந்தாலும் ஸ்கிரீன் உடைகிறது! நான் கோட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டுகிறேன், அவருக்குத் தெரியவில்லை. கோர்ணரிலிருந்து பந்து வந்தது. கீப்பர், இராமையா பிடிப்பான் என்று நின்றான். இராமையா, கீப்பர் பிடிப்பான் என்று விலகினான். பந்து இருவருக்கும் நடுவில் நடந்து போய் உள்ளே விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. பையன்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

லைவில் அதே ரிஸ்கான் நானா வந்து, "என்ன கோச், கடைசியில ஏன் இராமையா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! சொன்னேன்: "மூடுபனியில பசங்களுக்குக் காதுதாங்க கண்ணு. கீப்பர் சத்தம் கேக்கணும். ஸ்பீக்கர்ல கத்திக்கிட்டே இருந்தா எப்புடி வெளாடுவான்? நாங்க தோத்ததுக்குக் காரணம் டீம் இல்ல, மைக்கு!"

கமெண்டைப் பார்த்தாயா? 'இரண்டாவது காது கோச்' என்று போட்டிருக்கிறார்கள். என் பாட்டைக் கட்டிய பையன்களே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். இன்று காலை வாசிகசாலைப் பக்கம் போனேன், ஒரு பொடியன் காதில் கையைக் குவித்தான். உன் அண்ணன் சொன்னதும் இதையேதான் என்று ரிஸ்கான் நானா என் முகத்துக்கு நேரே சொல்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா? நீயே நியாயத்தைச் சொல்.

விஜிதரன்

•

கீழ்ப்பிரிவு
14.01.2025
தைப்பொங்கல்

விஜிதரன் அவர்களுக்கு,

அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான். இந்த வார்த்தை உங்கள் வாயாலேயே வரட்டும் என்றுதான் இரண்டரை மாதமாகக் காத்திருந்தேன். பால் பொங்கி இறக்கிவைத்துவிட்டு, நல்ல நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூடுபனி எப்போது ஏறும் என்று கிரவுண்டில் நிற்கிற ஆண்களுக்குத் தெரியாது, வந்து மூடிய பிறகுதான் தெரியும். மலையில் நிற்கிற எங்களுக்கு முன்பே தெரியும். பள்ளத்தில் இருக்கிற கோயில் கோபுரம் மறைந்தால், கிரவுண்டு மறைய இன்னும் ஐந்து நிமிடம். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கொழுந்து பறிக்கிற நிரையை முடிப்போம். யாரும் எங்களிடம் கேட்டதில்லை. அண்ணன் கேட்டார்.

கண்ணைக் கட்டிப் பழக்கியது சர்க்கஸ் இல்லை. ஐப்பசி மூடுபனியில் கடைசிப் பத்து நிமிடம் கண்ணால் ஆட முடியாது, காதால் ஆடட்டும் என்று நான்தான் சொன்னேன். இராமையாவைச் சொன்னதும் நான்தான். அவனுக்கு ஓட வராது, ஆனால் அவன் கூவினால் ஏழாம் நம்பர் மலைவரை கேட்கும். "விடு", "புடி", "எடது பக்கம்" என்று கீப்பருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது மட்டும்தான் அவன் வேலை. தீபாவளி ஆட்டத்தில் கோபுரம் மறைந்ததும் நான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இரண்டு தரம் உதறினேன். கீழே அண்ணன் பார்த்தார். செல்லசாமியை வெளியே கூப்பிட்டார்.

நீங்கள் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியது என் முடிவுக்கு எதிராக.

அன்று இராமையா இறங்கிக் கூவினான். முதல் தரம் எனக்குக் கேட்டது. இரண்டாம் தரம் கேட்கவில்லை. உங்கள் ஒலிபெருக்கி எங்கே கட்டியிருந்தது? பள்ளத்துக் கோலுக்குப் பின்னால், பைன் மரத்தில். அந்த ஆறு நிமிடமும் அதிலிருந்து என்ன வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. நீங்கள் தங்கச்சி பேச்சைப் பற்றிப் பேசி முடிக்கும்போது இரண்டாவது கோல் விழுந்திருந்தது. உங்களுக்குத் தெரியாமலே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். அண்ணன் அன்று தங்கச்சி பேச்சைத்தான் கேட்டார். யாரையும் கேட்கவிடாமல் செய்தது நீங்கள்.

லைவில் அண்ணன் "மைக்குதான் காரணம்" என்று சொல்லியிருக்கலாம். உங்களைப்போல. நான் கேட்டேன், "ஏண்ணே சொல்லல?" என்று. "அவரு மூஞ்சிய ஊருக்கு முன்னால ஒடச்சுட்டு, நீ எப்புடி அந்த வீட்டுல போய் வாழுவ?" என்றார். என்னையும் சொல்லவிடாமல் சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்று காலை பொங்கல் பானைக்கு முன்னால் நின்று அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

இன்னும் ஒன்று. ரிஸ்கான் நானாவைத் திட்டாதீர்கள். அவர் நல்ல மனிதர், ஆட்டத்துக்கு முதல் நாள் பஜாரில் என்னைக் கண்டு, "தங்கச்சி, மூடுபனி வந்தா மைக்க நிப்பாட்டட்டுமா, ஒங்க வீட்டுக்காரரு என்ன சொல்வாரு?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "அவருக்குச் சத்தம்னா ரொம்பப் புடிக்கும் நானா. நிப்பாட்டாம வாசிங்க."

ஆமாம், நான்தான். திருப்பித் தருவேன் என்று எழுதியிருந்தேன், தந்துவிட்டேன். பையன்கள் அழுததை மேலிருந்து பார்த்தேன். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது, அதை யாரிடமும் தள்ளமாட்டேன். ஆனால் உங்களுக்காக எனக்கு ஒரு துளிகூட வருத்தம் வரவில்லை.

அண்ணனை எந்த மைக்கில் அசிங்கப்படுத்தினீர்களோ அதே மைக்கில், அதே கிரவுண்டில், ஊர் கேட்க, உண்மையைச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

பிரேமினி

•

மேற்பிரிவு
27.01.2025

அன்புள்ள பிரேமினிக்கு,

உன் கடிதத்தை முதல் நாள் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை. மறுநாள் ரிஸ்கான் நானா கடைக்குப் போய், தீபாவளி ஆட்டத்தில் அவர் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கி, அந்த ஆறு நிமிடத்தையும் போட்டுக் கேட்டேன். என் குரல் மட்டும்தான் இருக்கிறது. பந்து உதைபடுகிற சத்தம்கூட இல்லை. நான் பேசுவதை நானே கேட்டது அதுதான் முதல் தடவை. பாதியில் நிறுத்திவிட்டு, கடைக்கு வெளியே வந்து நின்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சின்னப் பையன்களுடைய ஆட்டம், நல்ல கூட்டம். மைக்கை எடுத்தேன். கல்யாணம், சாவு, திருவிழா என்று எத்தனை மேடையில் பேசியிருப்பேன், நேற்று மைக்கை இரண்டு தரம் அணைத்துத் திரும்பப் போட்டேன். இப்படிச் சொன்னேன்:

"எல்லாருக்கும் வணக்கமுங்க. தீபாவளி மாட்சுல நாம தோத்ததுக்குக் காரணம் கோச் கணேசமூர்த்தி இல்ல. அவரு எடுத்த முடிவு சரியான முடிவு. மூடுபனியில இராமையா போட்ட சத்தம் கீப்பருக்குக் கேக்காம பண்ணுனது நான், இதே மைக்குல கத்தி. அவரு அது தெரிஞ்சும் என்னக் காட்டிக்குடுக்கல. நான் அவரு மேல கையெழுத்து வாங்குனேன். அந்தத் தாள இப்ப கிழிக்கிறேன்."

கிழித்தேன். கிழிகிற சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. யாரும் கை தட்டவில்லை. சில பேர் சிரித்தார்கள். செல்லசாமி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். பொன்னையா மாமா அங்கிருந்தே கீழ்ப்பிரிவுக்கு நடந்தார், மச்சானைத் திரும்பக் கூப்பிட. அவர் ஒப்புக்கொண்டதாக இன்று கேள்விப்பட்டேன். நான் திரும்பவும் அறிவிப்பாளன்தான், அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

ரிஸ்கான் நானாவிடம் நீ சொன்னதை நான் மைக்கில் சொல்லவில்லை. அவரும் சொல்லமாட்டார். பொங்கல் ஆட்டம் என் கணக்கிலேயே இருக்கட்டும். மச்சான் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்யக்கூடாதா.

வீட்டுக்கு வா, பிரேமினி. இனிமேல் கத்தமாட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

உன்,
விஜி

•

கீழ்ப்பிரிவு
30.01.2025

விஜிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பெண்களையும் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலையில் வந்து நின்றேன். வேலை நாள் இல்லைதான், எல்லாரும் கேட்க வேண்டும் என்று கூட்டி வந்தேன். நீங்கள் பேசியது ஒரு சொல் விடாமல் மேலே கேட்டது. தாள் கிழிந்ததும் கேட்டது. அன்று சாயந்தரம் அண்ணன் நேர் வழியாக வாசிகசாலைப் பக்கம் நடந்து போனார். நானும் பின்னால் போனேன். ஒரு பிள்ளையும் காதைத் தொடவில்லை.

எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போய் பையன்களிடம் நானே சொல்லிவிட்டேன், பொங்கல் ஆட்டத்தை நான் என்ன செய்தேன் என்று. இராமையா ஒரு வாரத்துக்கு என்னோடு பேசமாட்டானாம். ஒரு வாரம்தானே. செல்லசாமி மட்டும், "அப்ப மூடுபனி எப்ப வரும்னு ஒங்களுக்கு நெசமாவே தெரியுமாக்கா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அண்ணனும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீங்கள் மைக்கில் எல்லாவற்றையும் சொன்னீர்கள், அன்று போலவே ஒன்றை விட்டுவிட்டு. தங்கச்சி பேச்சு என்று நாற்பது பேருக்கு முன்னால் சொன்னீர்களே, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறந்திருக்கமாட்டீர்கள், வாய் வந்திருக்காது. பரவாயில்லை. அதை நீங்கள் சொல்லாமலே சொல்வதற்கு ஒரு வழி செய்திருக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கிரவுண்டில் ஆட்டம். மைக்கை விட வேண்டாம், நீங்களே பேசுங்கள். ஆட்டத்துக்கு முன் அறிவிப்பாளர் வாசிக்க வேண்டிய பெயர்த் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பொன்னையா மாமா கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதினொரு பேரையும் வாசித்துவிட்டு, கீழே உள்ள இரண்டு வரியையும் வாசியுங்கள்:

பயிற்றுவிப்பாளர்: கணேசமூர்த்தி.
துணைப் பயிற்றுவிப்பாளர்: அவருடைய தங்கை பிரேமினி.

மேலே பெண்கள் வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கேட்கிற மாதிரி வாசியுங்கள்.

வீட்டுக்கு வருவேனா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டம் முடியட்டும். கடைசி நிமிட முடிவை முன்கூட்டிச் சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நான் எழுந்து படங்கை உதறினால், மைக்கை அணைத்துவிடுங்கள்.

பிரேமினி